காலில் உறைவது, நெஞ்சில் அடைப்பது

1940 செப்டம்பரில் ஜெர்மானிய விமானங்கள் லண்டன்மீது இரவுதோறும் குண்டு வீசத் தொடங்கின. இருட்டுவதற்குள் மக்கள் பதுங்கு அறைகளுக்குப் போய் அடைந்துகொண்டார்கள். படுக்க இடம் கிடைக்காதவர்கள், கடற்கரையில் போட்டு உட்காரும் மடக்குத் துணி நாற்காலிகளைக் கொண்டுவந்து, அதிலேயே சாய்ந்து இரவைக் கழித்தார்கள். விடிந்ததும் எழுந்து நாலு அடி நடந்த சிலர் சுருண்டு விழுந்து இறந்தார்கள். உடம்பில் குண்டுக் காயம் எதுவும் இல்லை. கீத் சிம்ப்சன் என்ற தடயவியல் மருத்துவர் அறுத்துப் பார்த்தபோது, நுரையீரலுக்கு ரத்தம் கொண்டுபோகும் பெருங்குழாயை உறைந்த ரத்தக் கட்டி அடைத்திருந்தது. முந்தைய ஆண்டின் அதே மாதங்களைவிட இப்படி இறந்தவர்கள் ஆறு மடங்கு. அந்த ஆண்டே 'லான்செட்' இதழில் அவர் இதை எழுதினார். நாற்காலியின் முன்கட்டை இரவு முழுக்கத் தொடையின் அடியில் அழுத்தியதும், கால் அசையாமல் தொங்கியதுமே காரணம் என்பது அவர் முடிவு. பதுங்கு இடங்களில் பிறகு அடுக்குக் கட்டில்கள் வந்தன.

இந்த நோயின் குணம் முழுவதும் அந்தத் துணி நாற்காலிக்குள் அடங்கிவிடுகிறது. கோளாறு தொடங்குவது காலில், உயிர் போவது நெஞ்சில். நடுவே சில மணி நேரமோ சில வாரமோ ஓடிவிடுகிறது. மூச்சு வாங்குகிறது என்று வருகிறவரிடம் நெஞ்சைப் பற்றி மட்டும் விசாரித்தால் இது பிடிபடாது. போன மாதம் படுக்கையில் கிடந்தீர்களா, ஆபரேஷன் ஏதும் நடந்ததா, என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்று கேட்கத் தெரிந்தவருக்கே பிடிபடும். நான் சொல்ல வருவது இவ்வளவுதான். மீதி எல்லாம் இதற்கான விளக்கம்.

முதலில் பெயர்க் குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம். மருத்துவர்கள் இதை 'பல்மனரி எம்பாலிசம்' என்கிறார்கள். எழுதும்போது நுரையீரல் தமனி அடைப்பு என்கிறோம். வார்டு வாசலில் காதில் விழுவது 'லங்ஸ்ல ரத்தக் கட்டி' என்பது. கட்டி என்ற சொல்லைக் கேட்டதும் புற்றுநோய் என்று நினைத்து அழத் தொடங்கும் உறவினர்கள் உண்டு. போதாததற்கு, நம் பேச்சில் நரம்பு என்றால் உணர்ச்சி கடத்தும் நரம்பும் அதுதான், கெட்ட ரத்தம் ஓடும் சிரையும் அதுதான். 'கால் நரம்பு இழுக்குது' என்று ஒருவர் சொன்னால் அது சுளுக்கா, வாயுவா, சிரையில் ரத்தம் உறைந்ததா என்று சொல்லை வைத்துக் கண்டுபிடிக்க முடியாது.

காலுக்கும் நெஞ்சுக்கும் முடிச்சுப் போட்டவர் ருடால்ஃப் விர்ச்சோ. 1846இல் பெர்லின் சாரிடே மருத்துவமனையில் இறந்தவர்களை அறுத்து ஆராயும் வேலையில் இருந்த இளைஞர். நுரையீரலில் காணப்படும் கட்டி, அங்கேயே குழாய் அழற்சி கண்டு உண்டானது என்பதே அன்றைய பெரியவர்களின் கருத்து. விர்ச்சோவுக்கு அது சரிப்படவில்லை. நுரையீரலில் கட்டி இருந்த உடல்களில் காலின் சிரைகளிலும் அடிக்கடி கட்டி இருந்தது. நாய்களின் கழுத்துச் சிரைக்குள் ரப்பர்த் துண்டு போன்றவற்றைச் செலுத்திவிட்டு, பிறகு அறுத்துப் பார்த்தார். துண்டுகள் நுரையீரலில் போய் மாட்டியிருந்தன. ஒரு குழாயில் பிய்ந்த துண்டு ரத்த ஓட்டத்தோடு மிதந்து வேறிடத்தில் அடைக்கும் என்பது அப்போது நிரூபணமானது. அதற்கு 'எம்போலியா' என்று பெயர் வைத்தவரும் அவரே. அவர் பிறந்த அக்டோபர் 13தான் இன்று உலக ரத்த உறைவு நாள்.

ரத்தம் குழாய்க்குள்ளேயே உறைய மூன்று காரணங்கள். ஓட்டம் மந்தமாகித் தேங்குவது, குழாயின் உட்சுவர் அடிபடுவது, ரத்தமே உறையும் பக்கம் சாய்ந்திருப்பது. 'விர்ச்சோவின் மும்மை' என்று மாணவர்கள் மனப்பாடம் செய்யும் இதை, அவர் இப்படி ஒரு பட்டியலாக எழுதிவைக்கவில்லை. பின்னால் வந்தவர்கள் தொகுத்து அவர் பெயரைச் சூட்டினார்கள். யார் தொகுத்தால் என்ன, இன்றுவரை எந்த நோயாளியை எடுத்தாலும் காரணம் பெரும்பாலும் இந்த மூன்றில் ஒன்றாகவோ இரண்டாகவோ மூன்றுமாகவோதான் இருக்கிறது.

காலிலிருந்து ரத்தம் மேலே ஏற இதயத்தின் தள்ளு விசை போதாது. கெண்டைச்சதை சுருங்கும்போது நடுவில் இருக்கும் ஆழமான சிரைகள் பிழியப்பட்டு ரத்தம் மேலே போகிறது. போன ரத்தம் திரும்பி இறங்காதபடி சிரைக்குள் சிறு கிண்ணங்கள்போல வால்வுகள் இருக்கின்றன. நடக்காவிட்டால் பிழிவதில்லை. பிழியாவிட்டால் அந்தக் கிண்ணங்களின் அடியில் ரத்தம் சுழன்று தேங்குகிறது. கட்டி பெரும்பாலும் முளைவிடுவது அந்த மூலையில்தான்.

பிணவறையில் இந்தக் கட்டியைப் பார்த்தவர்கள் எளிதில் மறக்கமாட்டார்கள். இறந்தபின் உறையும் ரத்தம் ஜெல்லிபோல வழவழப்பாக, மேல்பகுதி கோழிக் கொழுப்பின் மஞ்சள் நிறத்தில் இருக்கும். உயிரோடிருக்கும்போது உறைந்தது அப்படி இராது. உலர்ந்து, எளிதில் உடைந்துபோகும். வெளிறிய கோடும் கருஞ்சிவப்புக் கோடுமாக அடுக்கடுக்காக இருக்கும். ஓடும் ரத்தம் படிப்படியாகப் பூசிக்கொண்டே போனதன் தடம் அது. சில வேளை நுரையீரல் குழாயிலிருந்து எடுத்த கட்டியை நீட்டிவைத்தால், கால் சிரையின் வார்ப்பு அப்படியே தெரியும். கிளை பிரிந்த இடமும் வால்வு பதிந்த தழும்பும்கூட. எந்த ஊரிலிருந்து வந்தது என்று அதன் உடம்பிலேயே எழுதியிருக்கும்.

ஏன் நேராக நுரையீரலுக்குப் போகிறது? சிரைகள் இதயத்தை நோக்கிப் போகப் போக அகலமாகிக்கொண்டே வருகின்றன. பிய்ந்த கட்டிக்கு வழியில் தடையே இல்லை. இதயத்தின் வலப்பக்கத்தைக் கடந்து நுரையீரல் தமனிக்குள் நுழைந்த பிறகுதான் குழாய்கள் கிளை விட்டுக் குறுகத் தொடங்குகின்றன. அங்கே மாட்டிக்கொள்கிறது. பெருங்குழாய் இரண்டாகப் பிரியும் கவட்டையில் குதிரைமேல் சேணம் போட்டதுபோல இருபுறமும் தொங்கினால் மிக மோசம்.

மூச்சு அடைத்துச் செத்தார் என்றே ஊரில் சொல்வார்கள். உண்மையில் பெரிய அடைப்பில் முதலில் தோற்பது இதயம். அதன் வலது அறைக்கு மெல்லிய சுவர்தான். குறைந்த அழுத்தத்தில் நுரையீரலுக்கு ரத்தம் அனுப்பிப் பழகியது அது. எதிரே திடீரென்று சுவர் எழுப்பியதுபோல் அடைத்துக்கொண்டால், தள்ளித் தள்ளிப் பார்த்து உப்பிப்போய்க் களைத்துவிடுகிறது. வலது அறையிலிருந்து ரத்தம் வராவிட்டால் இடது அறைக்கு உடம்புக்கு அனுப்ப எதுவும் இல்லை. ரத்த அழுத்தம் விழுகிறது, மயக்கம் வருகிறது. அதனால்தான் அடைப்பின் தீவிரத்தை அறிய மருத்துவர்கள் எக்கோ எடுத்து வலது அறை உப்பியிருக்கிறதா என்று பார்க்கிறார்கள்.

யாருக்கு வரும் என்ற கேள்வியில் அறுவை சிகிச்சைதான் முதலிடம். அதிலும் இடுப்பு, முழங்கால் மூட்டு மாற்றுகிறவர்களும் தொடை எலும்பு முறிந்தவர்களும். குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பு முறிந்த பாட்டியிடம் மும்மையின் மூன்றும் ஒரே நேரத்தில் கூடுகின்றன. குழாய் அடிபட்டிருக்கும், அசைய முடியாது, காயம்பட்ட உடம்பு ரத்தத்தை உறையும் பக்கம் திருப்பியிருக்கும். மாவுக்கட்டு போட்டாலும் புத்தூர்க் கட்டு போட்டாலும் கால் அசையாது என்றால் ரத்தத்துக்கு இரண்டும் ஒன்றுதான். பிரிட்டனில் லட்சக்கணக்கான பெண்களைத் தொடர்ந்து கவனித்து 2009இல் வெளியான ஓர் ஆய்வு, ஆபரேஷனுக்குப் பிந்தைய ஆபத்து உச்சத்தைத் தொடுவது மூன்றாவது வாரத்தில் என்று காட்டியது. மூன்றாவது வாரத்தில் நோயாளி எங்கே இருப்பார்? தையல் பிரித்து, வீட்டுக்கு வந்து, ஆபத்து தாண்டியாயிற்று என்று எல்லோரும் நிம்மதியாக இருக்கும் நேரம். 'நல்லாத்தான் இருந்தார், பாத்ரூம் போயிட்டு வந்தவர் அப்படியே உக்காந்துட்டார்' என்பது பல வீடுகளில் கேட்கும் வாக்கியம்.

அடுத்தது பேறுகாலம். கர்ப்பத்தில் ரத்தம் இயல்பாகவே உறையும் தன்மையைக் கூட்டிக்கொள்கிறது. பிரசவத்தில் ரத்தம் கொட்டிப்போகாமல் இருக்க இயற்கை செய்த ஏற்பாடு அது. வளரும் கருப்பை அடிவயிற்றுச் சிரைகளை அழுத்துவதால் காலில் தேக்கம் சேர்கிறது. இடது காலின் சிரைமேல் வலது காலுக்குப் போகும் தமனி குறுக்கே ஏறிக் கிடப்பதால், கர்ப்பிணிகளுக்குப் பெரும்பாலும் வீங்குவது இடது கால். ஆனால் கர்ப்பகாலத்தைவிடப் பிள்ளை பெற்ற முதல் ஆறு வாரம்தான் ஆபத்து மிகுந்தது. சிசேரியன் என்றால் ஆபரேஷனும் சேர்ந்துகொள்கிறது. 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் நூற்றில் ஏறத்தாழ 45 பிரசவம் சிசேரியன். இந்த நேரத்தில் நாம் என்ன செய்கிறோம்? 'பச்சை உடம்பு' என்று அவளைப் படுக்கவைக்கிறோம், எழுந்தால் திட்டுகிறோம், தண்ணீர் குடித்தால் வயிறு போடும் என்று சொம்பை எடுத்துவைத்துவிடுகிறோம். பிள்ளை பெற்றவளுக்கு ஓய்வு வேண்டும் என்ற அக்கறையில் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. நாக்கு வறளவிட்டு அசையாமல் கிடத்துவது ஓய்வு ஆகாது. பிரசவத்துக்குப் பின் மூளைச் சிரையில் ரத்தம் உறைந்து வலிப்பு கண்ட பெண்களை இந்திய நரம்பியல் மருத்துவர்கள் பல தலைமுறைகளாகப் பார்த்து வந்திருக்கிறார்கள். உடம்பில் நீர் வற்றியதை அவர்கள் ஒரு காரணமாகச் சந்தேகிக்கிறார்கள். காலுக்கும் அதே ரத்தம்தானே.

பெண்களைப் பற்றிப் பேசும்போது மாத்திரைக்கும் வந்தாக வேண்டும். கருத்தடை மாத்திரை புழக்கத்துக்கு வந்த வேகத்திலேயே, 1961இல், அந்த மருந்தைச் சாப்பிட்ட பெண்ணுக்கு நுரையீரலில் அடைப்பு வந்ததாக ஓர் ஆங்கில மருத்துவர் 'லான்செட்' இதழுக்குக் கடிதம் எழுதினார். அதில் உள்ள ஈஸ்ட்ரோஜன்தான் காரணம் என்பது பின்னர் உறுதியானது. மாத்திரை சாப்பிடாத பத்தாயிரம் இளம்பெண்களில் ஆண்டுக்கு 2 பேருக்கு ரத்தம் உறைகிறது என்றால், சாப்பிடுகிறவர்களில் மாத்திரையின் வகையைப் பொறுத்து 5 முதல் 12 பேர் வரை. பயந்து நிறுத்த வேண்டிய அளவல்ல, கர்ப்பத்தின் ஆபத்து இதைவிட அதிகம். கவலை வேறிடத்தில். கோயில் திருவிழாவுக்கும் கல்யாணத்துக்கும் மாதவிலக்கைத் தள்ளிப்போட மருந்துக் கடையில் சீட்டில்லாமல் வாங்கிப் போட்டுக்கொள்ளும் மாத்திரைகள் இருக்கின்றனவே, அவற்றை அதிக அளவில் எடுக்கும்போதும் ஆபத்து கூடும். ஏற்கெனவே காலில் கட்டி வந்தவரா, குடும்பத்தில் யாருக்காவது வந்ததா என்று அந்தக் கடையில் யாரும் கேட்பதில்லை.

புற்றுநோய்க்கும் இதற்கும் உள்ள உறவைச் சொன்னவரின் கதை தனி. பாரிஸ் மருத்துவர் அர்மான் த்ரூசோ 1865இல் ஆற்றிய உரையில், காரணம் தெரியாமல் சிரை வீங்கி உறைகிறவர்களுக்கு வயிற்றுக்குள் புற்று ஒளிந்திருக்கக்கூடும் என்றார். இரண்டு ஆண்டுகளுக்குள் அதே வீக்கத்தைத் தன் உடம்பிலேயே கண்டார். வந்திருப்பது என்ன என்பதை அவருக்கு வேறு யாரும் சொல்லவேண்டியிருக்கவில்லை. 1867இல் வயிற்றுப் புற்றுநோயால் இறந்தார். ஆபரேஷன், பயணம், மாத்திரை எதுவும் இல்லாமல் நடுவயதைத் தாண்டியவருக்குக் கட்டி வந்தால், மருத்துவர்கள் இன்றும் உள்ளே வேறு ஏதாவது இருக்கிறதா என்று தேடுவது இதனால்தான்.

நெடும்பயணத்தைப் பற்றிப் பத்திரிகைகள் அளவுக்கு மீறியே எழுதிவிட்டன. நாலு மணி நேரத்துக்குமேல் அசையாமல் உட்கார்ந்து பயணம் செய்கிறவர்களில் ஏறத்தாழ 6000 பேருக்கு ஒருவருக்குக் கட்டி வரலாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2007இல் சொன்னது. விமானத்துக்கு மட்டுமான கணக்கல்ல இது. சென்னையிலிருந்து நாகர்கோவிலுக்கு ஆம்னி பஸ்ஸில் முழங்கால் மடங்கியபடி போகிறவருக்கும் பொருந்தும். ஆரோக்கியமானவர் இதற்காகத் தூக்கம் கெட வேண்டாம். சிசேரியன் முடிந்த பத்தாம் நாள் தாய் வீட்டுக்கு இரவு பஸ் ஏறுகிற பெண்ணின் நிலை வேறு.

உடல் பருமன், முதுமை, இதயச் செயலிழப்பு, புரதம் வெளியேறும் சிறுநீரக நோய், முன்பு ஒருமுறை கட்டி வந்திருப்பது ஆகியவையும் ஆபத்தைக் கூட்டுபவை. கொரோனாவும் அப்படித்தான். 2020இல் தீவிர சிகிச்சைப் பிரிவுகளில் நுரையீரல் குழாய்கள் உறைந்ததைப் பார்த்த பிறகே ரத்தம் மெலியும் ஊசி பலருக்குப் பரிச்சயமானது. ரத்தத்தை உறையும் பக்கம் சாய்க்கும் பரம்பரைக் கோளாறுகளில் பேர்போனது, நெதர்லாந்தின் லைடன் நகரப் பெயரைத் தாங்கிய 'ஃபாக்டர் ஐந்து லைடன்'. 1994இல் கண்டறியப்பட்டது. ஐரோப்பியரில் நூற்றில் ஐந்து பேரிடம் இருக்கலாம், ஆசியரிடம் அரிது.

அந்த 'அரிது' என்ற சொல்தான் நமக்கு வினையாகப் போயிற்று. ஆசியர்களுக்கு ரத்தக் கட்டியே அபூர்வம், அது வெள்ளைக்காரர் நோய் என்று மருத்துவக் கல்லூரிகளில் வெகுகாலம் சொல்லிக்கொடுத்தார்கள். தேடாததால் கிடைக்கவில்லை என்பதே நிஜம். மருத்துவமனையில் திடீரென்று இறந்தவரின் உடலை அறுக்க நம் குடும்பங்கள் சம்மதிப்பதில்லை. சான்றிதழில் மாரடைப்பு என்று எழுதி முடித்துவிடுகிறார்கள். சண்டிகர் முதுநிலை மருத்துவக் கல்வி நிறுவனத்தில் ஆயிரம் உடற்கூறாய்வுகளைப் புரட்டி 2008இல் வெளியிட்ட ஆய்வில், நூற்றைம்பதுக்கும் மேற்பட்டவர்களின் நுரையீரலில் கட்டி இருந்தது தெரியவந்தது. அதே காலத்தில் பல நாடுகளில் நடந்த இன்னோர் ஆய்வு, இந்திய மருத்துவமனைகளில் ஆபத்துள்ள நோயாளிகளில் ஐந்தில் ஒருவருக்குக்கூட முறையான தடுப்பு மருந்து போகவில்லை என்று காட்டியது. அபூர்வம் என்று நம்பினால் தடுப்பு ஊசிக்கு யார் சீட்டு எழுதுவார்?

இனி அறிகுறிகள். முதன்மையானது மூச்சு வாங்குதல். நோயாளிகளில் நான்கில் மூன்று பேர் அதைச் சொல்கிறார்கள். பலருக்கு அது சில நொடிகளிலோ நிமிடங்களிலோ வந்துவிடுகிறது. நேற்றுவரை மாடி ஏறியவர் இன்று சட்டை மாட்டவே திணறுவார். ஏறக்குறையப் பாதிப் பேருக்கு நெஞ்சு வலி. மாரடைப்பின் வலி பாரம் ஏற்றிவைத்ததுபோல் அழுத்தும். இது விலாப்பக்கம் குத்தும், மூச்சை ஆழ இழுத்தால் சுருக்கென்று கூடும். சிறு கட்டி நுரையீரலின் ஓரத்துக் கிளையில் மாட்டி, மேலுறையைப் புண்ணாக்குவதால் வரும் குத்தல் அது. கட்டி பெரிதாகி நடுக்குழாயை அடைத்தால் அந்தக் குத்தல் பெரும்பாலும் இருப்பதில்லை. கண் இருட்டி விழுவார்கள். வலி கூடினால் ஆபத்து கூடும் என்ற நம் வீட்டுக் கணக்கு இங்கே தலைகீழாகிவிடுகிறது.

இருமலும், சிலருக்குச் சளியில் ரத்தமும் வரும். ரத்தத்தைப் பார்த்ததும் நமக்கு முதலில் நினைவுக்கு வருவது காசநோய். லேசான காய்ச்சல் சேர்ந்தால் நிமோனியா என்று மருந்து தொடங்குகிறது. இளைப்பு என்றால் ஆஸ்துமா, இளம்பெண் என்றால் பதற்றம், ஐம்பது வயது ஆண் என்றால் கேஸ். ஒரு பாட்டில் சோடாவும் ஒரு ஜெலுசிலும் எத்தனை உயிரைத் தாமதப்படுத்தியிருக்கின்றன என்பதற்குக் கணக்கே கிடையாது. கால் வீக்கம் தெரிந்தால் துப்பு கிடைத்த மாதிரி. ஒரு கால் மட்டும் வீங்கி, கெண்டைச்சதை கனத்து, தொட்டால் சூடாக வலிக்கும். ஆனால் பாதிக்கும் மேற்பட்டவர்களுக்குக் கால் சாதாரணமாகவே இருக்கிறது.

டென்னிஸ் வீராங்கனை செரீனா வில்லியம்ஸுக்கு 2011இல் நுரையீரலில் கட்டி வந்திருந்தது. 2017 செப்டம்பரில் சிசேரியனில் மகள் பிறந்த மறுநாள் மூச்சு முட்டியதும் அவருக்குப் புரிந்துவிட்டது. சிடி ஸ்கேனும், ஹெப்பாரின் என்ற உறைவுத் தடுப்பு மருந்தும் வேண்டும் என்று கேட்டார். வலி மருந்தின் மயக்கத்தில் உளறுகிறார் என்று நர்ஸ் நினைத்ததாக, 2018இல் 'வோக்' இதழில் வந்த பேட்டி சொல்கிறது. முதலில் காலை ஸ்கேன் செய்தார்கள். ஒன்றும் இல்லை. பிறகு சிடி எடுத்தபோது நுரையீரலில் கட்டிகள் தெரிந்தன. உலகம் அறிந்த பெண், முன்பே இந்த நோய் கண்டவர், பெயர் சொல்லிப் பரிசோதனை கேட்டவர். அவர் பாடே இப்படி.

பரிசோதனைகளும் ஏமாற்றும். எக்ஸ்ரே பெரும்பாலும் பெரிதாக எதையும் காட்டாது. ஈசிஜியில் துடிப்பின் வேகம் தவிர வேறொன்றும் தெரியாமல் போகலாம். இவ்வளவு மூச்சு வாங்குகிறவருக்கு எக்ஸ்ரே இவ்வளவு தெளிவாக இருக்கிறதே என்று சந்தேகப்படுபவரே நல்ல மருத்துவர். டி-டைமர் என்ற ரத்தப் பரிசோதனை, ஆபத்துக் குறைவானவரிடம் அளவு குறைந்திருந்தால் 'இது இல்லை' என்று சொல்ல உதவும். கூடியிருந்தால் ஒன்றையும் நிரூபிக்காது. கர்ப்பம், காய்ச்சல், முதுமை எல்லாவற்றிலும் அது கூடும். உறுதியாகச் சொல்வது சாயம் செலுத்தி எடுக்கும் சிடி ஆஞ்சியோ.

கண்டுபிடித்துவிட்டால் மருந்து இருக்கிறது. 1960இல் பிரிஸ்டலில் பாரிட், ஜோர்டன் என்ற இரு மருத்துவர்கள் நோயாளிகளை இரு பிரிவாக்கிப் பார்த்தார்கள். உறைவுத் தடுப்பு மருந்து பெறாத 19 பேரில் 5 பேர் அடைப்பால் இறந்தார்கள். பெற்ற 16 பேரில் ஒருவர்கூட அடைப்பால் சாகவில்லை. மருந்து தராமல் இருப்பது அநியாயம் என்று சோதனையை அந்த முறையில் தொடராமல் நிறுத்திவிட்டார்கள்.

ஆகவே மூச்சு வாங்குகிறது என்று ஆஸ்பத்திரிக்குப் போகும்போது, அவர்கள் கேட்கும்வரை காத்திருக்காதீர்கள். 'மூன்று வாரத்துக்கு முன் ஆபரேஷன் நடந்தது', 'பிள்ளை பெற்று இருபது நாள்', 'கருத்தடை மாத்திரை சாப்பிடுகிறேன்', 'அப்பாவுக்குக் காலில் ரத்தக் கட்டி இருந்தது' என்று உங்களுக்குப் பொருந்துவதை முதல் வாக்கியமாகச் சொல்லுங்கள். ஆபரேஷனுக்குச் சேரும்போதே, ரத்தம் உறையாமல் இருக்க என்ன தருவீர்கள் என்று கேளுங்கள். ஒற்றைக் கால் வீங்கி வலித்தால் தைலம் போட்டு உருவிவிட ஆள் தேடாதீர்கள், கட்டி பிய்ந்து மேலே போகக்கூடும். அன்றைக்கே, கால் சிரையில் கட்டி இருக்கிறதா என்று காட்டும் டாப்ளர் ஸ்கேன் எடுக்கப் போங்கள்.